‘மருந்து பழகிப்போச்சு’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த தொழிலாளி மயங்கி விழுந்தார், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார்’ என்ற மாதிரியான செய்தி நீலகிரிப் பக்கத்தில் அவ்வப்போது வருகிறது. அவர் அடித்தது என்ன மருந்து, மறுபடி எப்போது டேங்கைத் தோளில் மாட்டலாம் என்ற இரண்டு விவரங்கள் மட்டும் அதில் இருப்பதில்லை. அவர் பிழைத்திருப்பதும் பிழைக்காமல் போவதும் பல நேரம் அந்த இரண்டில்தான் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், குறைக்காமல் வெளியிட வேண்டுகிறோம்.

தும்மனட்டி, நஞ்சநாடு, கூக்கல்தொரை, முத்தொரை பாலாடா என்று கேரட்டும் உருளையும் கோசும் போடுகிற இடமெல்லாம் ஒரு பேச்சு உண்டு. ‘ஆரம்பத்துல தலைவலி, குமட்டல் எல்லாம் வந்துச்சு. இப்ப மருந்து பழகிப்போச்சு, ஒண்ணும் பண்ணாது.’ சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே முன்போலத் தலை வலிப்பதில்லை. ஆனால் உடம்பு மருந்தை ஜெயித்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. சத்தம் தாங்காமல் மூளை தன் காதைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பேச்சை யாரும் தைரியமாகச் சொல்லமாட்டார்கள்.

நரம்பு முனையிலிருந்து அடுத்த நரம்புக்கும் தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோகிற வேதிப்பொருள்களில் முதன்முதலில் பிடிபட்டது அசிட்டைல்கோலின். 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனையில் அது தெரியவந்தது. 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பக்கத்தில் இந்தப் பொருளுக்காகக் காத்திருக்கும் புரதத்தை ஏற்பி என்கிறோம். அசிட்டைல்கோலினுக்கு இரண்டு வகை ஏற்பிகள். நிகோட்டினிக் ஏற்பி கதவு போன்றது. அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்ததும் திறந்து சோடியத்தை உள்ளே விடும். கை கால் தசை, கழுத்துத் தசை, மூச்சு விடுகிற உதரவிதானம் எல்லாம் இதை நம்பித்தான் அசைகின்றன. மஸ்கரினிக் ஏற்பி, வாசலில் நின்றபடி உள்ளே சொல்லியனுப்பும் வகை. எச்சில், கண்ணீர், மூச்சுக்குழல் சளி, குடல், கண்மணி, நெஞ்சுத் துடிப்பு இவற்றை நடத்துவது இதுதான். மூளைக்குள் இரண்டும் உண்டு. நினைவு, தூக்கம், விழிப்பு, முகுளத்தில் ஓடும் மூச்சின் தாளம் ஆகியவற்றில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது.

செய்தி சேர்ந்ததும் அசிட்டைல்கோலினை அந்த இடத்திலேயே வெட்டிப் போட்டாக வேண்டும். அந்த வேலை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதிக்கு. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டித் தள்ளும். உடம்பில் உள்ள நொதிகளில் இவ்வளவு வேகம் உள்ளவை குறைவு. 1991இல் மின்திருக்கை மீனின் நொதியைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டார்கள். நடுவே ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) ஆழத்துக்கு ஒடுங்கிய கிணறு. கிணற்றடியில் செரின் என்ற அமினோ அமிலம். வெட்டு விழுவது அங்கேதான். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து கிணற்றில் இறங்கி அந்தச் செரினைப் பற்றிக்கொள்கிறது, விடுவதில்லை. வெட்ட ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் தேங்க, ஏற்பி ஓயாமல் தட்டப்படுகிறது. எச்சில் வழிகிறது, கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்குகிறது, வயிற்றைப் பிசைகிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு கொரகொரக்கிறது, தசை தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கிறது, பிறகு தளர்கிறது.

ஏற்பி எவ்வளவு நேரம் தட்டுப்பட வேண்டும் என்று முடிவுசெய்கிறவன் இந்த நொதி. அவனைக் கட்டிப்போட்டால் ஏற்பி என்ன செய்யும்? சும்மா இருக்காது. இங்கேதான் வேறு சில நொதிகள் வேலையில் இறங்குகின்றன.

கைனேஸ் என்ற குடும்பத்து நொதிகள், செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து ஏற்பியின் உட்பக்கத்தில் ஒட்டுகின்றன. மஸ்கரினிக் ஏற்பியில் இதைச் செய்வது ஜிஆர்கே என்று சுருக்கமாக அழைக்கப்படும் கைனேஸ். மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும் ஏற்பியைத்தான் அது தேடிப் பிடிக்கும். பாஸ்பேட் ஒட்டிய இடத்தை அரெஸ்டின் என்ற புரதம் வந்து கவ்விக்கொள்ளும். அதன்பின் வெளியே எவ்வளவு தட்டினாலும் உள்ளே சொல்லியனுப்ப வழியில்லை. அடுத்து, அந்த ஏற்பியே செல்லின் மேலுறையிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே போனவற்றில் சிலவற்றின் பாஸ்பேட்டைப் பாஸ்படேஸ் நொதிகள் கழற்றிவிட, அவை மேலே திரும்பி வரும். தட்டுவது நிற்கவே இல்லையென்றால் மற்றவை உடைத்துப் போடப்படும். வாயடைப்பு நிமிடக் கணக்கில் நடந்துவிடுகிறது. எண்ணிக்கையே குறைவதற்கு மணியும் நாளும் ஆகும். புதிதாகச் செய்து நிரப்ப அதைவிட அதிக நாள் பிடிக்கும். நிகோட்டினிக் ஏற்பிக்கும் இதே மாதிரி உண்டு. புரதக் கைனேஸ் ஏ பாஸ்பேட் ஒட்டினால் அந்த ஏற்பி சீக்கிரம் மரத்துப்போகிறது என்று 1986இலேயே காட்டிவிட்டார்கள்.

எலிகளுக்கு இந்த வகை மருந்தைச் சிறுகச் சிறுகத் தினமும் கொடுத்தால் முதல் சில நாள் நடுங்கும், எச்சில் வடியும். பிறகு நடுக்கம் நின்று தீனி எடுக்கத் தொடங்கிவிடும். ஆனால் மூளையை எடுத்துப் பார்த்தால் நொதி ஏறியிருக்காது, அடிமட்டத்திலேயே கிடக்கும். குறைந்திருப்பது மூளைப் பட்டையிலும் அதற்கு உள்ளே இருக்கும் ஸ்டிரையேட்டம் என்ற பகுதியிலும் உள்ள மஸ்கரினிக் ஏற்பிகளின் எண்ணிக்கை. நம் தோட்டத்துக்காரர் ‘பழகிப்போச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

இதில் என்ன ஆபத்து? ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றாலும், பொதுவாக நொதி பாதி அளவுக்கு இறங்கும்வரை கண்ணுக்குத் தெரியும் அறிகுறி அதிகம் இருக்காது. ஒரு நாள் மருந்தடிப்பு, கையிருப்பில் உள்ள நொதியில் பாதியைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 90 பங்கு உள்ளவருக்கு 45 மிஞ்சும். தலைவலியோடு வீட்டுக்குப் போவார். ஏற்கெனவே 50இல் நிற்பவருக்கு 25தான் மிஞ்சும். அவர் பாத்தியிலேயே விழுவார். முன்பு அவரை வேலையை நிறுத்த வைத்த குமட்டலும் தலைவலியும் இப்போது வராது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்போடு வேலை செய்வது மாதிரி இது. அதோடு, அடைத்துக்கொண்ட காதுக்கு நல்ல சத்தமும் கேட்காது. நினைவுக்கும் தூக்கத்துக்கும் வேண்டிய ஏற்பிகளும் சேர்ந்துதான் குறைகின்றன. மருந்தடிக்கும் வீட்டில் மறதி, எரிச்சல், துண்டு துண்டான தூக்கம் இருந்தால் வயசு மேலோ குளிர் மேலோ பழியைப் போட வேண்டாம்; ரத்தத்தைப் பாருங்கள்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. கார்பமேட் வகை நொதியைப் பிடித்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் தானே விட்டுவிடும். இந்த மலைக்கு மிகவும் பழக்கமான கார்போபியூரான் குருணை அந்த வகை. உருளையில் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் ஊட்டி பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து நூற்புழுவோடு போராடும் நிலம் இது. குருணையை வெறுங்கையால் தூவிவிட்டு அதே கையோடு டீ குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விட்டுவிடும் வகைதானே என்று அலட்சியம் கூடாது; விடுவதற்கு முன்பே மூச்சை நிறுத்தவும் அதனால் முடியும்.

ஆர்கனோபாஸ்பரஸில் விவரம் இன்னும் நுணுக்கம். நொதியைப் பிடித்த மருந்து சிறிது நேரத்தில் தன் கிளை ஒன்றை இழந்து இறுகிவிடும். அதை நொதி மூப்படைவது என்பார்கள். மூப்படைந்தபின் எந்த ஊசியாலும் நொதியை மீட்க முடியாது. டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் போன்ற டைமெத்தில் வகையில் பாதி நொதி மூப்படைய 4 மணி நேரம்கூட ஆகாது. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற டைஎத்தில் வகையில் ஏறக்குறைய 33 மணி நேரம் அவகாசம் உண்டு. புரோபெனோபாஸ் ரசாயன அமைப்பில் வேறு இனம். அதில் மீட்பு ஊசிக்கு வேலையே இல்லாத அளவுக்கு வேகம். ‘பூச்சிமருந்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் நோயாளிக்கும், டப்பாவோடு வரும் நோயாளிக்கும் உள்ள வித்தியாசம் இப்போது புரியும். வேறொன்றும் உண்டு. குளோர்பைரிபாஸும் டைமெத்தோயேட்டும் அப்படியே நொதியைப் பலமாகப் பிடிப்பவை அல்ல. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 நொதிகள் அவற்றை ஆக்சான் என்ற வீரியமான வடிவமாக மாற்றிய பிறகுதான் முழு விஷம் ஆகின்றன. குளோர்பைரிபாஸ் கொழுப்பிலும் தங்கும். காலையில் அடித்தவருக்கு ராத்திரி மூச்சு முட்டுவது இதனால்தான். ‘சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்’ என்பது ஆறுதல் ஆகாது.

மருத்துவமனையில் முதலில் ஏறுவது அட்ரோபின். வீட்டார் பதறாமல் இருக்க ஒன்றைச் சொல்ல வேண்டும். 0.6 மில்லிகிராம் ஆம்பூல்கள் மூன்றோ ஐந்தோ முதலில் போவதும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாவதும், கட்டிலடியில் காலி ஆம்பூல் குவிவதும் சரியான சிகிச்சைதான். நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்க வேண்டும், நாடி 80க்கு மேல் வர வேண்டும், ரத்த அழுத்தம் ஏற வேண்டும். அதுவரை நிறுத்தக் கூடாது. கண்மணி விரிவதை மட்டும் பார்த்து நிறுத்துவது பழைய தவறு. ஆனால் அட்ரோபின் நொதியைத் தொடுவதே இல்லை. மஸ்கரினிக் ஏற்பியின் வாசலில் போய் உட்கார்ந்து அசிட்டைல்கோலினை அண்டவிடாமல் செய்கிறது, அவ்வளவே. நிகோட்டினிக் ஏற்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எச்சிலும் சளியும் வற்றிய மனிதரின் தசை இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது. பிராலிடாக்ஸிம் என்ற ஊசிதான் செரினிலிருந்து மருந்தைக் கழற்றப் பார்ப்பது. மேலே சொன்ன மூப்பினால் அது எல்லா மருந்துக்கும் எல்லா நேரத்திலும் பலிப்பதில்லை. அதன் பயன் பற்றி மருத்துவர்களிடையே விவாதம் ஓயவும் இல்லை.

இந்தத் தசைப் பகுதியைத் தனியாக அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தெளிந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவர், விஷம் ஏறியதிலிருந்து 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையே திடீரென்று கழுத்துத் தளர்ந்து, பிறகு மூச்சுத் தசை தளர்ந்து போவதுண்டு. இலங்கையில் சேனநாயக்க, கரல்லியத்த என்ற இரு மருத்துவர்கள் 1987இல் இதை விவரித்து, இடைநிலை நோய்க்குறி என்று பெயர் வைத்தார்கள். நாள்கணக்கில் தட்டு வாங்கிய நிகோட்டினிக் ஏற்பிகள் மரத்தும் குறைந்தும் போவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மல்லாந்து படுத்தபடி தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாவிட்டால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுக்கருவி உள்ள இடம் அவருக்கு வேண்டும். இரண்டாம் நாள் ‘நல்லாத்தானே இருக்கார், தோட்டத்துல வேலை கெடக்கு’ என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவது எவ்வளவு விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாளாவது பொறுத்திருங்கள், தயவுசெய்து.

வீடு திரும்பியபின்? மூப்படைந்த நொதி திரும்பாது. புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். நரம்புச் செல்லால் முடியும், நாளும் வாரமும் எடுத்துக்கொண்டு செய்யும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, ஆகவே அதனால் முடியாது. சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை புதுச் செல்களை விட விடத்தான் ரத்தத்தில் நொதி ஏறும். கணக்கு ஏறக்குறைய நாளுக்கு 1 சதவீதம். 40இல் நிற்பவர் 80ஐத் தொட ஒன்றரை மாதத்துக்கு அருகில் ஆகும். டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே டேங்கைத் தூக்குபவர் காலி கிணற்றில் வாளியைப் போடுகிறார்.

இப்போது ரத்தப் பரிசோதனை. இந்த மலையில் இது ஒழுங்காக நடந்தாலே பாதி உயிர்ச்சேதம் தவிரும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

அளவு இரண்டு உண்டு. சிவப்பணுவின் மேலுறையில் இருப்பது, மூளையில் உள்ள அதே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். பிளாஸ்மாவில் மிதப்பது அதன் பங்காளியான பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ், கல்லீரலில் உண்டாவது. ஆய்வகச் சீட்டில் வெறுமனே ‘கோலினெஸ்டரேஸ்’ என்று வருவது பெரும்பாலும் இந்தப் பங்காளியின் எண். அது சீக்கிரம் விழும், சில வாரத்தில் சீக்கிரம் ஏறிவிடும். அது ஏறியதைப் பார்த்து மூளையும் தேறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. கல்லீரல் நோய், சத்துக்குறைவு, கர்ப்பம் இவற்றிலும் அது குறையும்; சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைவு. வாரக்கணக்கில் தேட வேண்டியது சிவப்பணு எண்ணை, அதாவது சிவப்பணுவில் உள்ள நொதியின் அளவை.

அதிலும் ஒற்றை எண் போதாது. நலமாக உள்ளவர்களுக்குள்ளேயே அளவு மிகவும் மாறுபடும். இயல்பாக உயரத்தில் இருந்தவர் மூன்றில் ஒரு பங்கை இழந்தபின்னும் சீட்டில் ‘நார்மல்’ என்றே அச்சாகும். எனவே மருந்தே அடிக்காத காலத்தில் எடுத்த அவரவர் சொந்த அளவு வேண்டும். கலிபோர்னியாவில் 1974 முதல் இது தொழிலாளர் விதி. 30 நாள் மருந்தைத் தொடாமல் இருந்தபின், 3 நாளுக்குக் குறையாமலும் 14 நாளுக்கு மேற்படாமலும் இடைவெளி விட்டு இரண்டு முறை ரத்தம் எடுத்து, இரண்டின் சராசரியை அடிப்படையாக வைக்கிறார்கள். பிறகு எந்த எண்ணாவது 80 சதவீதத்துக்கு இறங்கினால் தோட்டத்தில் என்ன பிழை நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சிவப்பணு எண் 70க்கோ பிளாஸ்மா எண் 60க்கோ இறங்கினால் அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டும் 80க்குத் திரும்பினால்தான் மறுபடி சேர்க்கலாம். இங்கே நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று வருடம் முழுக்க ஏதாவது நிலத்தில் இருக்கிறது. 30 நாள் ஓய்வு எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வாய்க்காது. போகத்துக்குப் போகம் ஊர் ஊராக நாள் குறித்தால் முடியும்.

ரத்தம் எடுப்பதில் வரும் தவறுகள் கொஞ்சமல்ல. சாம்பல் மூடிக் குழாயில் உள்ள புளோரைடு இந்த நொதியையே முடக்கும்; சர்க்கரைப் பரிசோதனைக் குழாயில் எடுத்து அனுப்பினால் நலமானவரும் விஷம் ஏறியவராகத் தெரிவார். ஊதா மூடி ஈடிடிஏ குழாய்தான் சரி. ஊசி போடும் முன் கையைச் சோப்பால் கழுவ வேண்டும், தோலில் ஒட்டிய மருந்து ரத்தத்தில் கலக்கக் கூடாது. விஷமேறி வந்தவரின் ரத்தத்தில் மருந்து இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். குழாய்க்குள்ளும் அது நொதியைப் பிடித்துக்கொண்டே போகும். அதனால் எடுத்த உடனே 0.2 மில்லி ரத்தத்தை 4 மில்லி குளிர்ந்த சலைனில் விட்டு, ஐஸில் வைக்க வேண்டும். முழு ரத்தக் குழாயை ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைத்தாலோ பஸ்ஸில் உருளவிட்டாலோ சிவப்பணு உடைந்து, அதன் நொதி பிளாஸ்மாவில் கலந்து, பிளாஸ்மா எண்ணை ஏற்றிக் காட்டும்.

ஆய்வகத்தில் பெரும்பாலும் கையாளுவது எல்மன் 1961இல் வகுத்த முறை. நொதி வெட்டிய துண்டு டிடிஎன்பி என்ற பொருளோடு சேர்ந்து மஞ்சளாகும். மஞ்சள் ஏறும் வேகத்தை 412 நானோமீட்டரில் அளப்பார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபினும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒளியை விழுங்குவதால், சிவப்பணுவுக்கு 436 நானோமீட்டரில் அளப்பது நல்லது. எண்ணை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு என்று தர வேண்டும். சோகை பிடித்த தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு மில்லிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் விஷம் ஏறாமலே குறைந்து தெரியும்.

மலைக்கென்றே உள்ள கோளாறு குளிர். நொதியின் வேகம் சூட்டைப் பொறுத்தது. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் அறைச்சூடு 12 டிகிரியில் நிற்கும் ஆய்வகத்தில், வாட்டர் பாத் இல்லாமல் அளந்தால் எண் தரைமட்டத்தில் வரும். மே மாதம் அடிப்படை எண் எடுத்து, ஜனவரியில் அதே மேசையில் மறுபடி அளந்தால் ஊரே விஷம் குடித்ததுபோல் இருக்கும். 25 டிகிரியோ 37 டிகிரியோ, ஒன்றைத் தீர்மானித்து வருடம் முழுக்க அதிலேயே ஓட்ட வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மற்றொரு கவனமும் வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரிடம், சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைத் தன்மையான அரிவாள் செல் தன்மை உண்டு என்று 1952இலேயே லேமன், கட்புஷ் இருவரும் எழுதினார்கள். அந்த நோய் முழுமையாக உள்ளவருக்குச் சிவப்பணு சீக்கிரம் அழிந்து இளஞ்செல்கள் மிகுந்திருக்கும்; இளஞ்செல்லில் இந்த நொதி கூடுதல். அவரை ஊர்ச் சராசரியோடு ஒப்பிட்டால் பாதிப்பு மறைந்துவிடும். அவருடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தப் பரிசோதனை காட்டாதவையும் உண்டு. இமிடாகுளோப்ரிட் நொதியைத் தொடாமல் நேரே நிகோட்டினிக் ஏற்பியில் போய் உட்காரும் மருந்து. பைரித்ராய்டுகளுக்கு இலக்கே வேறு. உருளையின் கருகல் நோய்க்கு அடிக்கும் மேன்கோசெப் டைதையோகார்பமேட். பெயரில்தான் கார்பமேட் இருக்கிறது, நொதியை முடக்குவதில்லை. இவற்றில் எண் சரியாக இருப்பதால் ஆள் நலம் என்று ஆகாது. மறதிக்காக டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் மருந்து கலக்கும் இடத்துக்கே வர வேண்டாம். அந்த மாத்திரைகளும் இதே நொதியைத்தான், வேண்டுமென்றே, மிதமாக அடக்குகின்றன. விஷமேறியவருக்குச் சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலினை உடைப்பது பிளாஸ்மா நொதி. அது இல்லாவிட்டால் நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும்.

சாலையோரம் தொங்கும் மரவூமத்தைப் பூவில் அட்ரோபின் இனம் இருக்கிறது என்று எங்காவது படித்துவிட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்கோபாலமின் நேராக மூளைக்குப் போய் மஸ்கரினிக் ஏற்பியை அடைக்கும். அளவு பூவுக்குப் பூ மாறும். இரண்டாவது விஷமாகத்தான் முடியும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை எல்லோரும் கேட்டவைதான். காரணத்தோடு ஒன்றிரண்டு மட்டும். மருந்து அடிப்பவருக்கு விஷம் ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாக. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தை வைத்து மனிதத் தோலில் செய்த பழைய சோதனையில் முன்கையில் 9 சதவீதத்துக்கு அருகில் உள்ளே போனது. நெற்றியில் 36, அக்குளில் 64, விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும். முதுகு டேங்கின் மூடி வாஷர் தேய்ந்து கசிந்தால் அது வழிந்து போய்ச் சேருவது எங்கே என்று பாருங்கள். வாஷரை மாற்றாமல் முகக்கவசம் மட்டும் வாங்குவதில் பெரிய பயனில்லை. குளோர்பைரிபாஸ் 20 ஈசி என்று விற்கும் திரவத்தில் லிட்டருக்கு 200 கிராம் மருந்து. லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் 0.4 கிராம். டப்பாவில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 500 மடங்கு. மூடியில் அளந்து ஊற்றும்போது விரலில் பட்ட ஒரு துளி, தெளிக்கும்போது கையில் படும் ஐந்து டீஸ்பூன் கரைசலுக்குச் சமம். கையுறை கட்டாயம் வேண்டிய நேரம் கலக்கும் நேரம். அப்புறம் நம் ஸ்வெட்டர். குளிருக்குப் போட்ட கம்பளி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை துவைத்தால் வாரம் முழுக்க மருந்துக்குள்ளேயே இருப்பதுதான். மருந்தடிக்கிற நாளுக்குத் தனியாக ஒரு சட்டை, தனித் துவைப்பு. நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். ஒரு பழைய டூத் பிரஷ் டேங்கிலேயே கட்டிக் கிடக்கட்டும்.

டைகுளோர்வாஸ், போரேட், பாஸ்பாமிடான், டிரைஅசோபாஸ் இவை 2018இல் பிறந்த மத்திய ஆணையால் 2020 டிசம்பர் 31 முதல் நிறுத்தப்பட்டவை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க அதற்கும் வெகுமுன்பே தடை. ஆனாலும் கொட்டகை மூலையில் பழைய டப்பா கிடக்கலாம். லேபிள் கிழிந்த டப்பா இன்னும் மோசம், விழுந்தவரோடு அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. லேபிள் நன்றாக இருக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். லேபிளில் மருந்தின் ரசாயனப் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். கம்பெனிப் பெயரைவிட அந்தப் பெயர்தான் முக்கியம்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இது: காய்கறி ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருந்தடிப்பவர்களுக்குப் போகத்துக்கு முன் சிவப்பணு நொதி அளவு எடுத்து, அவரவர் கையில் அட்டையாகக் கொடுக்க வேண்டும். உதகை அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சூடு நிலைநிறுத்தி ஒரே முறையில் எல்லாவற்றையும் அளக்கலாம். விஷமேறி வீடு திரும்புபவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மறு பரிசோதனையில் அடிப்படை அளவில் 80 சதவீதம் வரும்வரை மருந்து வேலை கூடாது’ என்று தமிழில் எழுதித் தர வேண்டும். கூலி போய்விடுமே என்ற கவலை நியாயமானது. அந்த வாரங்களில் அறுவடை, கழுவல், மூட்டை பிடிக்கும் வேலைக்கு அவரை மாற்றிக்கொள்ளும்படி தோட்ட உரிமையாளர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, டப்பாவில் இருந்த பெயர் என்ன என்று உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதட்டும். பூச்சிமருந்து என்று மட்டும் போடாமல் குளோர்பைரிபாஸ் என்றோ கார்போபியூரான் என்றோ போட்டால், அதைப் படிக்கிறவர் எழுந்துபோய்த் தன் கொட்டகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.

இப்படிக்கு,
மருந்தியலும் உயிர்வேதியியலும் கற்பிப்போர் சிலர்,
உதகமண்டலம்.